காய்ச்சல் என்று எழுதித் தரும் அப்பாவுக்கு

கேள்வி: கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு நான்கு வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ‘எனக்கு ஏன் இப்படி?’ என்பதற்கு விடை தேடி ஆன்மிகப் புத்தகங்களாகப் படிக்கிறேன். மனைவிக்கு மில்லில் காலை ஷிஃப்ட் வந்தால், ஏழாவது படிக்கும் மகள் லீவு போட்டு என் யூரின் பையைப் பார்த்துக்கொள்வாள். காய்ச்சல் என்று நானே லெட்டர் எழுதித் தருவேன். பாசக்காரப் பிள்ளை. எனக்கு மனத்தெளிவு வர வழி சொல்லுங்கள்.
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: தம்பி, மனத்தெளிவை அப்புறம் பார்ப்போம். வராத காய்ச்சலை எந்தக் கையால் எழுதுகிறீர்கள்? புத்தகத்தைப் புரட்டும் அதே கையால்தானே? அந்தக் கைக்கு ஒரு பையைத் திறந்து மூட வராதா?

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பையின் அடியில் இருக்கும் திறப்பானை ஒரு டப்பாவுக்குள் திறந்துவிட்டு, காலியானதும் மூடி, நுனியைத் துடைத்து, மறுபடி கை கழுவுங்கள். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழேயே தொங்கட்டும். இவ்வளவுதான் வேலை. இதற்காகப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்துவீர்களா? வயதுக்கு வரும் பருவம். கூச்சமாக இருக்கிறது என்று அவள் உங்களிடம் சொல்லவே மாட்டாள். ‘பாசக்காரி’ என்று மெச்சி அவள் வாயை அடைத்துவிட்டீர்கள்.

பெற்றவர்களைப் பிள்ளைகள் கவனிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் அது வளர்ந்து ஆளான பிறகு. இன்றைக்குக் கடமை உங்கள் பக்கம் இருக்கிறது. அவள் படிப்பைச் செலவழித்து நீங்கள் வாங்கும் தெளிவு எனக்கு உவப்பில்லை.

1975-ல் கடற்படை அதிகாரிகளுக்கான உடல்திறன் தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981-ல் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் குழந்தைகளுக்காகச் சின்னதாக ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கமாக வளர்ந்தது. கையும் வராத மனிதர் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தார். கை நன்றாக இருக்கும் நீங்கள் பெற்ற பிள்ளையைத் தடுக்கிறீர்கள்.

உங்களைப் போல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி தருகிறார்கள். மனைவியோடு போய்ப் பாருங்கள். நாற்காலியின் இரண்டு பக்கமும் கை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிவிடுவது, படுக்கைப் புண் வருகிறதா என்று தினமும் கண்ணாடி பிடித்துப் பார்ப்பது எல்லாம் நீங்களே கற்றுக்கொள்ளலாம். சிறுநீர்க் குழாய் நிரந்தரமாக வேண்டுமா, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே குழாய் செலுத்தி எடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

அதற்கு முன், நாளைக் காலையே வகுப்பு டீச்சருக்குப் போன் செய்து, இதுவரை போட்ட லீவு எதற்கென்று உள்ளதைச் சொல்லுங்கள். விட்டுப்போன பாடங்களைக் கேட்டு எழுதி வைத்து, சாயங்காலம் அவளோடு உட்காருங்கள்.