மாசசூசெட்ஸ் விரிகுடாவின் தொடக்க காலம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றம் இது. 1623-ல் கேப் ஆன் மீன்பிடிக் குடியிருப்பில் தொடங்கி 1689 வரை கேட்கலாம். நிலம், பிழைப்பு, பழைய பதிவேடுகள் பற்றி விரிவாகச் சொல்வேன். இறையியல் சர்ச்சைகளுக்கு அதில் தேர்ந்தவர்களைக் கேளுங்கள்.

கே: மேஃப்ளவர் கப்பலில் வந்த பியூரிட்டன்கள்தானே பாஸ்டனை உருவாக்கினார்கள்?

ப: இல்லை. மேஃப்ளவர் 1620-ல் 102 பயணிகளோடு வந்தது. அவர்கள் குடியேறிய இடம் பிளிமத். அவர்களில் சமயக் காரணத்துக்காக வந்தவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு முற்றிலும் விலகியவர்கள். பாஸ்டனை நிறுவியவர்கள் 1630-ல் ஜான் வின்த்ராப் தலைமையில் வந்தவர்கள். இவர்கள்தான் பியூரிட்டன்கள், திருச்சபைக்குள் இருந்துகொண்டே அதைத் திருத்த நினைத்தவர்கள். அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,000 பேர் வந்து இறங்கினார்கள். அரசர் கொடுத்த சாசனத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டதால் நிர்வாகமும் இங்கேயே நடந்தது. பிளிமத்துக்கு அப்படி ஒரு அரச சாசனம் கடைசிவரை கிடைக்கவில்லை. 1691-ல் வந்த புதிய சாசனம்தான் இரண்டையும் ஒன்றாக்கியது. அதற்கு முன் நடந்த எதைப் பேசினாலும் எந்தக் குடியேற்றம் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கே: அடர்ந்த காட்டில் இறங்கியவர்கள் மாடுகளுக்கு என்ன போட்டார்கள்? நல்ல மண் உள்ளே இருக்க, சதுப்பு ஓரமாக ஏன் ஊர் அமைத்தார்கள்?

ப: இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, மேய்ச்சல் நிலமாக்கப் பல ஆண்டுகள் ஆகும். குளிர்காலமோ முதல் ஆண்டே வந்துவிடும். கடலோர உப்புச் சதுப்பில் மரம் கிடையாது, உழவும் வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். புல் தானாக வளர்ந்து நிற்கிறது. இப்ஸ்விச் (1633), நியூபரி (1635), ரௌலி (1639) எல்லாம் பெரிய சதுப்பை ஒட்டி அமைந்தது இதனால்தான். வீட்டு மனையோடு சதுப்பிலும் ஒரு பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்.

சதுப்பில் இரண்டு வகைப் புல் உண்டு. தினமும் ஓதம், அதாவது ஏறும் கடல்நீர், வந்து நனைக்கும் தாழ்ந்த பகுதியில் உயரமான முரட்டுப் புல். அது பெரும்பாலும் கூரை வேயப் போனது. அமாவாசை, பௌர்ணமி ஓதத்துக்கு மட்டுமே நனையும் மேட்டுப் பகுதியில் மெல்லிய, தலைசாய்ந்த புல், அதுதான் தீவனம். கோடையின் பின்பகுதியில், இரண்டு பெரிய ஓதங்களுக்கு இடையே கிடைக்கும் நாட்களில் அரிவார்கள். காய்ந்த புல்லை வண்டியில் ஏற்ற முடியாது, சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். அதனால் சதுப்பிலேயே முளைக்கம்புகளை நெருக்கமாக அடித்து, ஓதத்துக்கு மேலே நிற்கும்படி அதன்மேல் புல்லைப் போராகக் குவிப்பார்கள். சதுப்பு உறைந்து கெட்டியானபின் சறுக்குவண்டியில் வீட்டுக்கு இழுத்துவருவார்கள். கம்பு குட்டையாகிவிட்டால், புயலும் பெரிய ஓதமும் சேர்ந்து வரும் ஒரே இரவில் போர் முழுவதும் மிதந்து போய்விடும். போர் போனால் அந்தக் குளிர்காலத்துக்கு மாடும் போச்சு.

கே: ஒரு பதிவேட்டில் '5-ஆம் நாள், 12-ஆம் மாதம், 1634' என்று இருக்கிறது. 1634 டிசம்பர் 5 தானே?

ப: இல்லை, 1635 பிப்ரவரி 5. தயவுசெய்து எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. மாதங்களின் பெயர்கள் புறச்சமயத் தெய்வங்களிலிருந்து வந்தவை என்று பியூரிட்டன்கள் பலர் எண்ணால் எழுதினார்கள். அவர்களுக்கு முதல் மாதம் மார்ச், 11-ஆம் மாதம் ஜனவரி, 12-ஆம் மாதம் பிப்ரவரி.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். தேதி ஜனவரி 1-க்கும் மார்ச் 24-க்கும் இடையில் விழுந்தால் ஆண்டில் ஒன்றைக் கூட்டுங்கள். இன்றைய நாட்காட்டிக்கு வேண்டுமென்றால் மட்டும் மேலும் 10 நாள் கூட்டுங்கள். '1634/35' என்று இரட்டையாக எழுதியிருந்தால் பின்னதே நம் கணக்கு. மார்ச் 1 முதல் 24 வரைதான் சிக்கல்: சில எழுத்தர்கள் மார்ச் 1-லேயே ஆண்டை மாற்றிவிட்டார்கள். அங்கே முன்பின் பதிவுகளைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

கே: முதல் நன்றி நவிலல் விருந்தில் வான்கோழி இருந்ததா?

ப: அது 1621, பிளிமத். முதல் பதிலைப் பாருங்கள்.

கே: மதச் சுதந்திரத்துக்காகத்தானே வந்தார்கள்?

ப: தங்கள் முறையில் வழிபடும் உரிமைக்காக வந்தார்கள். மற்றவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. ரோஜர் வில்லியம்ஸ் 1635-ல் நாடுகடத்தல் தீர்ப்புப் பெற்றார், ஆன் ஹட்சின்சன் 1637-ல். 1659 முதல் 1661 வரை குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நால்வரைப் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். மேரி டையர் அவர்களில் ஒருவர்.

கே: பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்தார்கள் என்பது மிகை. எல்லா ஊருக்கும் கிரயப் பத்திரம் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியதைப் பறிப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?

ப: பத்திரம் இருப்பது உண்மை. அது எந்த ஆண்டுப் பத்திரம் என்று பாருங்கள். இப்ஸ்விச்சில் 1633-ல் குடியேறினார்கள். தலைவர் மாஸ்கொனொமெட் இளைய ஜான் வின்த்ராப்புக்கு எழுதிக்கொடுத்தது 1638-ல், 20 பவுண்டுக்கு. அந்த ஆண்டுகளில் ஒரு பசு 20 பவுண்டு வரை விலை போனது. ஊர் நிலமும் ஒரு பசுவும் ஒரே விலை. சேலம் இன்னும் தெளிவான உதாரணம்: கேப் ஆனிலிருந்து ரோஜர் கானன்ட் அங்கே போனது 1626-ல், கிரயம் எழுதியது 1686-ல். பழைய பூர்வகுடித் தலைவர் நனெபாஷெமெட்டின் வாரிசுகளுக்கு 20 பவுண்டு. 60 ஆண்டுகள் வீடு கட்டி வாழ்ந்து, பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தபின் மூலப்பத்திரம்.

1680-களில் திடீரென்று ஏன் இந்த அவசரம்? 1684-ல் லண்டன் நீதிமன்றம் சாசனத்தை ரத்து செய்தது. சாசனம் போனால் அதன்கீழ் ஊர்கள் கொடுத்த பட்டாக்கள் எல்லாம் கேள்விக்குறி. 1686 டிசம்பரில் ஆளுநராக வந்த எட்மண்ட் ஆண்ட்ரோஸ் வெளிப்படையாகவே அப்படிக் கேட்டார். அப்படிக் கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும். அதற்காகத்தான் வாரிசுகளைத் தேடிப் போனார்கள்.

கே (அதே வாசகர்): உங்கள் வாதம் நிற்காது. பாஸ்டன் பத்திரம் 1684 மார்ச் 19 என்று படித்தேன். சாசனம் ரத்தானது அந்த ஆண்டு அக்டோபரில். ரத்தாவதற்கு ஏழு மாதம் முன்பே எழுதியிருக்கிறார்களே?

ப: மார்ச் 19 என்பது மார்ச் 25-க்கு முன். ஆகவே அது 1684/85, நம் கணக்கில் 1685. ரத்தாகி ஐந்து மாதம் கழித்து, பூர்வகுடித் தலைவர் சிக்கடாபட்டின் பேரன் எழுதிக்கொடுத்த பத்திரம் அது. ஓர் ஆண்டைத் தவறாகப் படித்தால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

கே (வேறொருவர்): தாமதமானாலும் மனமொப்பித்தானே கையெழுத்திட்டார்கள்?

ப: எந்த நிலையில் என்று பாருங்கள். 1616 முதல் 1619 வரை ஒரு கொள்ளைநோய் இந்தக் கரையோர ஊர்களைக் காலிசெய்தது. 1633-ல் பெரியம்மை வந்தது. கடவுளே நம் உரிமையைத் தெளிவாக்கிவிட்டார் என்று வின்த்ராப் கடிதத்தில் எழுதினார். எஞ்சிய பூர்வகுடிகளின் பயிர்நிலங்களுக்கு வேலி கிடையாது. குடியேறியவர்கள் அவிழ்த்துவிட்ட பன்றிகள் சோளத்தை அழித்தன, கடல் வற்றும்போது இறங்கி அவர்கள் உணவாகக் கிளறியெடுக்கும் சிப்பிகளையும் தோண்டித் தின்றன. வாழ வழி போனபின் இட்ட கையெழுத்து அது. மேலும், பயிரிடவும் மீன்பிடிக்கவும் பிறரையும் அனுமதிப்பது அவர்கள் வழக்கம். தாங்களே உள்ளே வரக்கூடாது என்று ஆகிவிடும் விற்பனை அவர்கள் வழக்கத்தில் இல்லை. இதற்கு மேலும் வாதாட விரும்புபவர்கள் ஒரு பத்திரத்தின் ஆண்டையும் அந்த ஊர் அமைந்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாமல் பதில் சொல்ல மாட்டேன்.

கே: மேஃப்ளவரில் வந்தவர்களின் வம்சாவளி எங்கே கிடைக்கும்?

ப: பிளிமத். மூன்றாவது முறை சொல்கிறேன்.

கே: கேப் ஆன் குடியிருப்பு மூன்றே ஆண்டில் ஏன் கலைந்தது?

ப: டார்செஸ்டர் கம்பெனியின் திட்டம் இது: மீன்பிடிக் கப்பலில் கூடுதல் ஆட்களை அனுப்பு, மீன்காலம் முடிந்ததும் அவர்களைக் கரையில் விட்டு விவசாயம் செய்ய வை. காட் மீனைத் தலைவெட்டி, பிளந்து, உப்பிட்டு, பரணில் காயவைக்கத் தெரிந்தவருக்கு ஏர் பிடிக்கத் தெரியவில்லை. மண்ணும் பாறை. 1626-ல் கம்பெனி கைவிட்டது. கானன்ட் சிலரோடு நௌம்கீக் போனார். பின்னாளில் அதுதான் சேலம்.

கே: சேலத்தில் எத்தனை சூனியக்காரிகளை எரித்தார்கள்?

ப: ஒருவரையும் எரிக்கவில்லை. 1692-ல் ஆணும் பெண்ணுமாக 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்காட மறுத்த கைல்ஸ் கோரியைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். ஆங்கிலச் சட்டத்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்குதான். இது நான் சொன்ன காலவரம்புக்கு வெளியே, இத்தோடு விடுகிறேன்.

கே: நமக்கும் இந்தக் கரைக்கும் ஏதாவது தொடர்பு?

ப: இரண்டு உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்தவர். 1718-ல் அவர் கனெக்டிகட் கல்லூரிக்கு அனுப்பிய 9 பொதிச் சரக்கில் காலிகோ, மஸ்லின் துணிகள் இருந்தன. பொதிகள் 560 பவுண்டுக்கு மேல் விற்றன, கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. இன்னொருவர் டேனியல் பூர். 1789-ல் டான்வர்ஸில் பிறந்தவர். சூனிய வழக்குகள் தொடங்கிய பழைய சேலம் கிராமம்தான் டான்வர்ஸ். பியூரிட்டன் சபைகளின் வழிவந்தவர்கள் அமைத்த அமெரிக்கன் மிஷன் 1815-ல் நியூபரிபோர்ட்டிலிருந்து அவரைக் கப்பலேற்றியது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரியை 1823-ல் தொடங்கி நடத்தியவர் அவரே.

கே: மாசசூசெட்ஸில் கடற்கரை மணல் தனியாருக்குச் சொந்தமாமே? நடக்கக்கூடக் கூடாதா?

ப: இது 1640-களின் சட்டம், இன்றும் செல்லும். அரசு கட்டாத படகுத்துறைகளைத் தனியார் கட்டட்டும் என்று, கரையோர நிலக்காரரின் எல்லையைத் தாழ்ந்த ஓதக்கோடு வரை, அதிகபட்சம் 100 ராட், அதாவது 1,650 அடி வரை, நீட்டினார்கள். மீன்பிடிக்க, பறவை வேட்டையாட, படகு செலுத்த எல்லோருக்கும் உரிமை உண்டு. உலாவ இல்லை. பின்னாளில் மாசசூசெட்ஸின் பகுதியாக இருந்த மெய்ன் மாநிலத்துக்கும் இதே சட்டம் போனது. குறிப்பிட்ட வீட்டு வழக்கென்றால் அந்த ஊர் வழக்கறிஞரிடம் போங்கள்.