11 பிள்ளைகள் படிக்கும் பள்ளி

ஐயா, வணக்கம். நீலகிரி மலையில் கீழ்க்கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். ஊர்த் தொடக்கப்பள்ளியில் நான் படிக்கும்போது அறுபது பேருக்கு மேல் இருந்தோம், இப்போது 11 பேர். இரண்டு டீச்சரில் ஒருவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டே பிள்ளைகள். "பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று கூட்டத்தில் சொன்னார்கள். பேசாமல் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று ஊரிலேயே பேச்சு. என் மகளுக்கு மூன்று வயது. தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பவா, காத்திருக்கவா?

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாம் வகுப்பில் இருக்கிற இரண்டு பேரில் பாதி என்றால் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரிகிறதா, வேலை தேடிப் போகும் அம்மாவோடு ஊர் ஊராக மாறியதில் படிப்பு விட்டுப்போனதா என்று உட்கார்ந்து கேட்க வேண்டிய இடத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் அதே பிள்ளை வாசித்துவிட்டால் நூறு சதவீதம் என்பார்கள். இவ்வளவு சின்னப் பள்ளிக்கு இரண்டு கணக்குமே பொருந்தாது.

பிள்ளைகள் எங்கே போனார்கள்? பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் கோவைக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு இறங்கியவர்கள் ஒரு பக்கம். மீதிப் பிள்ளைகள் உங்கள் மகளின் வயதில்தான் போகிறார்கள். வேன் எல்கேஜிக்கு மூன்று வயதிலேயே வாசலுக்கு வந்துவிடுகிறது, அரசுப் பள்ளி ஐந்து வயது வரை காத்திருக்கிறது. தமிழக அரசு 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது, ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த அங்கன்வாடிகள். உங்கள் ஊர் போல ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளிகளுக்கு அது வரவில்லை. ஒருமுறை வேன் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவது அரிது.

அப்புறம் அந்த இரண்டாவது டீச்சர். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று இருக்கிறது, 11 பேர் என்றால் ஒருவர் போதும் என்று அதில் எங்கும் இல்லை. இருக்கிற ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்த்து, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு போட்டு, பயிற்சிக்கும் போய்வர வேண்டும். அவர் பயிற்சிக்குப் போன நாளில் பூட்டிய கதவைப் பார்க்கிற தகப்பன் மறுநாளே வேன்காரரிடம் பேசிவிடுகிறார், பிள்ளை குறைகிறது, குறைந்த எண்ணிக்கையைக் காட்டி டீச்சரைத் தர மறுக்கிறார்கள். பல வகுப்புகளை ஒன்றாக உட்காரவைப்பது தப்பில்லை. 2007 முதல் செயல்வழிக் கற்றலில் அட்டைகளை வைத்துக்கொண்டு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் பக்கத்தில் உட்கார ஆசிரியர் வேண்டும்.

பள்ளியைச் சேர்த்துவிடலாம் என்பவர்களை ஜூலை மாதம் காலை எட்டு மணிக்கு அந்தப் பாதையில் நடந்துவரச் சொல்லுங்கள். தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. அது சமவெளியில் நடக்கிற தூரம். இங்கே பனிமூட்டத்தில் தேயிலைச் செடிக்கு நடுவே காட்டுமாடு நிற்பது நாலடி தள்ளி வரும்வரை தெரியாது, கரடியும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையை அதில் தனியாக அனுப்ப எந்தத் தாய் ஒப்புவாள்?

சரி, உங்கள் மகள். பள்ளியைக் காப்பாற்ற அவளைப் பணயம் வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக நீங்கள் ஒருவர் காத்திருந்து பயனில்லை. ஊரில் மூன்று, நான்கு வயதில் எத்தனை பிள்ளைகள் என்று வீடு வீடாக எண்ணுங்கள். ஐந்து தேறினாலும் போதும், அந்தத் தாய்மார்களோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், தீர்மானம் போட உரிமை இருக்கிறது. மாற்றுப்பணியை ரத்து செய்யக் கேட்டு ஒன்று, அங்கன்வாடியில் எல்கேஜி கேட்டு இன்னொன்று. இரண்டையும் வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஜூனுக்குள் டீச்சர் திரும்பவில்லை என்றால் மகளை வேனில் அனுப்புங்கள், அதில் உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. தீர்மானம் எழுத உதவி வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.