அச்சில் வராமல் போனதைத் தேடுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சேட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் பல வருடமாக வாங்கும் நாளிதழை ஒரு பெரும் பணக்காரர் வாங்கிவிட்டார். அதிலிருந்து அவருடைய மற்ற கம்பெனிகளின் புகழ்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பழைய ஆசிரியரும் போய்விட்டார். "நிறுத்திவிடுங்கள் அம்மா" என்கிறான் மகன். எனக்கோ மரண அறிவிப்பு, கோயில் திருவிழா, பள்ளிக்கூடச் செய்தி எல்லாம் அதில்தான் கிடைக்கிறது. நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா? நிறுத்தலாமா?

பதில்: அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம் அம்மா. முதலில் சோதித்துப் பாருங்கள்.

முதலாளி தினமும் போன் போட்டு "இதைப் போடாதே" என்று சொல்லத் தேவையில்லை. ஓர் ஆசிரியரை மாற்றினால் போதும், மீதிப் பேர் தாங்களாகவே அடக்கி வாசிப்பார்கள். அதனால் அச்சில் வந்ததை மட்டும் எத்தனை முறை படித்தாலும் பிடிபடாது. வராமல் போனதைத் தேட வேண்டும்.

ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் உரிமையாளரின் கம்பெனிகளை எழுதுங்கள். கம்பெனிப் பதிவு அலுவலகமான சி.ஐ.பி.சி.யின் பிஸ்போர்ட்டல் தளத்தில் ஒரு கம்பெனியின் பதிவுப் பெயரையும் எண்ணையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பங்குதாரர்கள் யார் என்று அதில் தெரியாது. அதற்கு 2008 கம்பெனிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இருக்கிறது. பங்குப் பதிவேட்டைப் பார்க்கப் பொதுமக்களும் கேட்கலாம் என்று 2016இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு செய்தியாளர் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

பிறகு 4 வாரம். அந்தக் கம்பெனிகளில் ஒன்று நீதிமன்றத்திலோ நாடாளுமன்றக் குழுவிலோ அடிபடும் நாளில், வேறு முதலாளியின் பத்திரிகை ஒன்றை உங்களுடையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம், எத்தனை பத்தி, எழுதியவர் பெயர் உண்டா, எதிர்த்தரப்பைக் கேட்டார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் பக்கத்தில் இருப்பது இங்கே 7ஆம் பக்க மூலையில் பெயரில்லாமல், கம்பெனி அறிக்கையை அப்படியே போட்டு வந்தால் அது ஒரு குறி. "இந்தக் கம்பெனி இப்பத்திரிகையின் உரிமையாளருக்குச் சொந்தமானது" என்ற ஒற்றை வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நேர்மையான பத்திரிகைக்கு அதைப் போடக் காசு செலவில்லை. என் கணக்கில் இதுதான் பெரிய சோதனை.

பலர் தவறுவது இரண்டு இடத்தில். ஒரே நாளை வைத்து முடிவு கட்டுவது. விளம்பரக் கட்டுரையையும் கருத்துப் பத்தியையும் செய்தியோடு சேர்த்து எண்ணிவிடுவது. சின்ன எழுத்தில் "ஸ்பான்சர்ட்" என்று போட்டிருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள்.

உங்கள் சந்தேகம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2013இல் சேகுஞ்சாலோ என்ற முதலீட்டுக் குழுமம், பல நாளிதழ்களை நடத்தும் இண்டிபெண்டன்ட் மீடியாவை வாங்கியது. அந்த டிசம்பரில் அதன் நாளிதழான கேப் டைம்ஸ், சேகுஞ்சாலோ சம்பந்தப்பட்ட மீன்வளத் துறை டெண்டர் பற்றி, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் தந்த அறிக்கையை முதல் பக்கத்தில் போட்டது. உடனே ஆசிரியர் அலீட் டாஸ்னுவா பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மண்டேலா மறைவுச் செய்தியைக் கையாண்ட விதம்தான் காரணம் என்றது நிர்வாகம். அவர் போட்ட வழக்கு பின்னால் சமரசத்தில் முடிந்தது. அந்த வாங்கலில் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் பி.ஐ.சி.யின் பணமும் இருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதியம் சேரும் நிதி அது. அதனால் கேள்வி கேட்க உங்களுக்கு வாசகி என்பதற்கு மேலும் உரிமை உண்டு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2024 அக்டோபரில், அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸை ஆதரிக்கும் தலையங்கத்தை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் உரிமையாளர் நிறுத்தினார். அவர் நம் போர்ட் எலிசபெத்தில் பிறந்த டாக்டர் பேட்ரிக் சூன்-ஷியோங். அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸின் வாஷிங்டன் போஸ்டும் அதே மாதம் ஆதரவுத் தலையங்கத்தைக் கைவிட்டது. சில நாட்களில் போஸ்டின் சந்தாவை 2,50,000 பேர் நிறுத்தினார்கள். பெசோஸுக்கு அந்தப் பணம் ஒரு பொருட்டல்ல. அடி விழுவது செய்தியாளர்களின் சம்பளத்தில். உங்கள் மகன் இதை யோசிக்க வேண்டும்.

முதலாளி பணம் போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1903இல் டர்பனில் தமிழ்ப் பகுதியோடும் வெளிவந்த இந்தியன் ஒப்பீனியனில் காந்தி சொந்த வருமானத்தைக் கொட்டினார். யாருடைய பத்திரிகை, எதற்காக என்று வாசகர்களுக்குத் தெரிந்திருந்தது.

நோட்டில் சான்று சேர்ந்ததும் ஆசிரியருக்கு எழுதுங்கள். தேதி, பக்கம், தலைப்பு, எந்த வரி விடுபட்டது என்று அரைப் பக்கம் போதும். "எல்லாம் ஒருதலைப்பட்சம்" என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். பதில் வராவிட்டால், பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, ஆனால் செய்தி வந்த 20 வேலைநாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். வணிக நோக்கம் செய்தியைப் பாதிக்கக் கூடாது என்றும், விளம்பரமும் செய்தியும் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும் என்றும் கவுன்சிலின் நடத்தை விதித் தொகுப்பான பிரஸ் கோட் சொல்கிறது. அந்த விதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். போடாத செய்திக்கு அங்கே புகார் எடுபடுவது கடினம்; போட்ட செய்தியில் மறைத்ததைப் பிடியுங்கள்.

உங்கள் பத்திரிகை கவுன்சிலில் உறுப்பினரா என்று முதலிலேயே பாருங்கள். இண்டிபெண்டன்ட் மீடியா 2016இல் விலகித் தனக்கென்று ஓர் ஓம்பட்ஸ்மனை, அதாவது வாசகர் புகாரை விசாரிப்பவரை, வைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட பத்திரிகை என்றால் புகாரை அந்தக் குழுமத்தின் ஓம்பட்ஸ்மனுக்கே அனுப்ப வேண்டும்.

4 வாரத்துக்குப் பிறகும் சந்தேகம் வலுத்தால், தினசரிச் சந்தாவைக் குறைத்து மரண அறிவிப்பும் ஊர்ச் செய்தியும் அதிகம் வரும் நாளில் மட்டும் கடையில் வாங்குங்கள். மிச்சமாகும் ராண்டை, முதலாளி இல்லாமல் நன்கொடையில் நடக்கும் அமாபுங்கானே, கிரவுண்ட்அப் போன்ற செய்தி நிறுவனங்களுக்கு மாதாமாதம் கொடுக்கலாம். நிறுத்துவதாக இருந்தால் காரணத்தை ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் தனித்தனியாக எழுதி, நோட்டுப் பக்கங்களின் நகலை இணைத்து அனுப்புங்கள்.