1 ஆம்பியர் ரவுட்டருக்கு 5 ஆம்பியர் அடாப்டர் போடலாமா?

கேள்வி: ரவுட்டரின் அடாப்டர் பழுதாகிவிட்டது. அதில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தது. கைவசம் இருப்பது 12 வோல்ட், 5 ஆம்பியர். மாட்டினால் ஐந்து மடங்கு கரண்ட் பாய்ந்து ரவுட்டர் எரிந்துவிடுமா?

எரியாது, மாட்டலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அடாப்டர்தான் கரண்டைப் பிடித்துத் தள்ளுகிறது என்று நினைப்பதால் வரும் பயம் இது. அடாப்டர் நிலையாகத் தருவது வோல்டேஜை மட்டும்தான். எவ்வளவு கரண்ட் ஓடும் என்பது எதிரே மாட்டியிருக்கும் கருவியின் மின்தடையைப் பொறுத்தது. வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் கரண்ட், 1827-ல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட கணக்கு. 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் கருவியை 24 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-ஐ 24-ஆல் வகுத்தால் 0.5. இதில் அடாப்டர் மேல் எழுதியிருக்கும் 5 ஆம்பியர் எங்கேயுமே வரவில்லை, கவனித்தீர்களா? அது அடாப்டரின் கொள்ளளவு, அவ்வளவுதான்.

சரி, வோல்டேஜ் மாறினால்? அங்கேதான் ஆபத்து. அதே 24 ஓமுக்கு 24 வோல்ட் கொடுத்தால் கரண்ட் 1 ஆம்பியர் ஆகும். வோல்டேஜும் இரட்டிப்பு, கரண்டும் இரட்டிப்பு என்பதால் 6 வாட்டாக இருந்த வெப்பம் 24 வாட்டாக, நான்கு மடங்காக ஏறிவிடும். ரவுட்டர் வெறும் ரெசிஸ்டர் (மின்தடை) இல்லை, உள்ளே வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் எல்லாம் உண்டு, அதனால் கணக்கு இப்படியே பொருந்தாது. ஆனாலும் தாங்கும் அளவுக்கு மேல் வோல்டேஜ் போனால் உள்ளே நுழையும் இடத்திலுள்ள பாகங்கள் முதலில் போய்விடும். ஆகவே வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைவாக இருந்தால் அடாப்டர் சுடும், வோல்டேஜ் இறங்கும், ரவுட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழும்.

அப்புறம் அந்த ஒன்று: ரவுட்டருக்குள் செருகும் பின்னின் துருவம், அதாவது அதில் எது பிளஸ், எது மைனஸ் என்பது. லேபிளில் நடுவில் புள்ளியோடு ஒரு வட்டம், இரண்டு பக்கமும் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். ரவுட்டரில் நடுப்புள்ளி எந்தக் குறியோடு சேர்கிறதோ, அடாப்டரிலும் அதே குறியோடு சேர வேண்டும். அவுட்புட் டிசி-யா (ஒரே திசையில் ஓடும் மின்சாரமா) என்பதையும் பாருங்கள், சில அடாப்டர்கள் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) தரும். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், மாட்டும் முன் ஒருமுறை அளந்துவிடுங்கள்.