கணக்கு கேளுங்க: போன் பில்லை நாமே போடலாமா?

(தொலைபேசித் துறையின் வருவாய்க் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, கோவையில் சிறு நிறுவனங்களுக்கு பில்லிங் கற்றுக்கொடுப்பவர் பதில் சொல்கிறார்.)

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க், கேமரா எல்லாம் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுப் பார்க்கிறோம். போன் சிஸ்டமும் நாங்கள் வைத்ததுதான். ஆனால் போன் பில் மட்டும் ஆபரேட்டரிடமிருந்து தனியாகப் போகிறது. அதையும் எங்கள் பில்லில் சேர்த்துப் போட்டால் என்ன?
– அவிநாசி ரோடு வாசகர், திருப்பூர்

போடலாமுங்க. அதற்கு முன்னால் லைன் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பேரில் லைன் வாங்கி, நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பார்ட்டிக்கு விற்றால் அது தொலைத்தொடர்பு சேவையின் மறுவிற்பனை. அதற்கு உரிமம் வேண்டும். வி.என்.ஓ. (சொந்த நெட்வொர்க் இல்லாமல் ஆபரேட்டரின் சேவையை வாங்கி விற்பவர்) என்று 2016-ல் வழிமுறை வந்ததே, அதுதான். ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்த உரிமம் வந்துவிடாது.

என்னைக் கேட்டால், லைன் பார்ட்டி பேரிலேயே இருக்கட்டும். ஆபரேட்டர் பில் அவர்கள் ஜி.எஸ்.டி. எண்ணுக்கே வந்தால் 18 சதவீத வரியை அவர்கள் இன்புட்டில் எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள். உங்கள் எண்ணுக்கு வந்த பில்லின் நகலைக் கொடுத்து "காசு போடுங்க" என்றால் அவர்களுடைய ஆடிட்டர் சும்மா விடமாட்டார். நீங்கள் போட வேண்டியது வேறு பில்: எக்ஸ்டென்ஷனுக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணம், கூடவே துறைவாரியாகப் பிரித்த போன் கால் கணக்கு. மெர்ச்சன்டைசர்கள் எவ்வளவு பேசினார்கள், கட்டிங் செக்‌ஷன் எவ்வளவு, முதலாளி அறை எவ்வளவு என்று பிரித்து, ஆபரேட்டர் கேட்ட தொகை சரிதானா என்று டிக் போட்டுக் கொடுங்கள். திருப்பூர் முதலாளி நிமிஷத்துக்குப் பத்துப் பைசா பேரம் பேசுவார்; இந்த டிக்குக்குப் பேரம் பேசாமல் கொடுப்பார்.

எங்கள் ஐ.பி. பி.பி.எக்ஸ். (நெட்வொர்க் வழி ஓடும் ஆபீஸ் போன் சிஸ்டம்) பதிவை வைத்து நாங்கள் போடும் கணக்கும் ஆபரேட்டர் பில்லும் ஒருமுறைகூட ஒத்துவரவில்லை. யார் மேல் தப்பு?
– பெருந்துறை வாசகர்

பெரும்பாலும் யார் மேலும் இல்லை. ஒரே போன் அழைப்பை இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுகிறீர்கள்.

உங்களுடையது ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடும் வகை பி.பி.எக்ஸ். என்றால் கால் பதிவில் 'டியூரேஷன்', 'பில்செக்' என்று இரண்டு பத்தி இருக்கும். டியூரேஷனில் மணி அடித்த நேரமும் சேரும். பில்செக் என்பது எதிராளி எடுத்த பிறகு ஓடிய விநாடி. பலர் முதல் பத்தியைக் கூட்டிவிட்டு ஆபரேட்டரோடு சண்டைக்குப் போகிறார்கள். ரிசப்ஷனில் எடுத்து உள்ளே மாற்றிய கால் ஒன்றே இரண்டு மூன்று வரிகளாக விழுவதும் உண்டு. அதை ஒன்றாகக் கட்டாவிட்டால் கூடுதலாகத்தான் வரும்.

அடுத்தது பல்ஸ், அதாவது கட்டணம் எண்ணும் நேர அலகு. உங்கள் பிளான் 60 விநாடி பல்ஸ் என்றால், 64 விநாடி பேசிய கால் 2 நிமிஷம். அப்படி 500 கால்கள் போனால் ஆபரேட்டர் கணக்கில் 1000 நிமிஷம். நீங்கள் விநாடிகளை மொத்தமாகக் கூட்டி 60-ஆல் வகுத்தால் 533-தான் வரும். ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியாக முழு நிமிஷத்துக்கு மேலே ஏற்றிவிட்டு அப்புறம் கூட்டுங்கள். (டிரங்க் கால் காலத்தில் மூன்று நிமிஷம்தான் ஒரு யூனிட். அப்போதும் இதே சண்டைதான்.)

ஐ.எஸ்.டி. போகும் கம்பெனி என்றால் முன்னெண்ணைப் பார்க்க வேண்டும். 44 என்றால் பிரிட்டன், சரி. ஆனால் 447 என்று தொடங்கினால் பெரும்பாலும் மொபைல், கட்டணம் வேறு. 1 என்றால் அமெரிக்கா என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவும் அதில்தான், ஜமைக்கா மாதிரி கரீபியன் தீவுகளும் அதில்தான். எண்ணோடு அதிக இலக்கம் பொருந்துகிற முன்னெண் எதுவோ, அதன் ரேட்டைத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, யாரும் கவனிப்பதில்லை. கிளவுட் சர்வர் பலதும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நமக்கு ஐந்தரை மணி பின்னால். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு நியூயார்க் பையரோடு பேசியது, உங்கள் பதிவில் மார்ச் 31 இரவு 8.30 என்று உட்கார்ந்திருக்கும். மாதம் மட்டுமா, நிதியாண்டே மாறிப்போகிறது. ராத்திரி பையரோடு பேசும் ஊரில் இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி வித்தியாசம் காணாமல் போகலாம்.

சரவணம்பட்டியில் இருந்து ஓர் அமெரிக்க ஐ.டி. சேவை நிறுவனத்துக்கு பில்லிங் வேலை பார்க்கிறோம். வி.ஓ.ஐ.பி. (இன்டர்நெட் வழி போன்) பில்லை வெளியே கொடுக்காமல் அவர்களே போடப்போகிறார்களாம். எக்செல் போதுமா?
– கோவை வாசகி

ரேட் போட எக்செல் போதும், வரிக்குப் போதாதுங்க அம்மணி. அங்கே மத்திய அரசு, மாநிலம், கவுண்டி, நகரம் என்று விலாசத்துக்கு விலாசம் வரி மாறும். 911 அவசர அழைப்புக் கட்டணம் தனி. எல்லோருக்கும் போன் வசதி கிடைக்க வசூலிக்கும் யூனிவர்சல் சர்வீஸ் நிதிக்கான சதவீதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். மறுவிற்பனை செய்யும் நிறுவனமே, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.-யின் வருமானக் கணக்குப் படிவம் 499-ஏ-வை ஏப்ரல் 1-க்குள் கொடுக்க வேண்டும். வெளிமாநில, வெளிநாட்டு கால் வருமானத்தைப் பிரித்துக் காட்ட முடியாவிட்டால், வி.ஓ.ஐ.பி.க்கு 64.9 சதவீதம் என்று வைத்துக்கொள்ள ஒரு சலுகை உண்டு. வரிக்கென்று தனி மென்பொருள் சேவைகள் இருக்கின்றன. அதற்குக் காசு கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, "எல்லாம் சேர்த்து 100 டாலர்" என்று ஒரே தொகையாக பில் போட வேண்டாம். கம்ப்யூட்டர் பராமரிப்பு, இன்டர்நெட், போன் மூன்றையும் கணக்கில் பிரித்துவைக்காவிட்டால், வரியில்லாத பகுதிக்கும் பல மாநிலங்கள் வரி கேட்கும்.

எந்த பில்லிங் மென்பொருள் நல்லது?
– கரூர் வாசகர்

பெயர் சொல்லமாட்டேன். கால் பதிவை அப்படியே ஏற்றும் வசதி, பல்ஸையும் ரேட் தேதியையும் நீங்களே மாற்றும் வசதி, டேலி கணக்கு மென்பொருளுக்கு எடுத்துப் போகும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நிறுத்தச் சொல்லிவிட்ட லைனுக்கும் பார்ட்டிக்கு வாடகை பில் வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?
– பொள்ளாச்சி வாசகர்

போனில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். லைன் பார்ட்டி பேரில் இருப்பதால் அவர்கள் மெயிலில் இருந்தே எழுதவையுங்கள்: லைன் எண், நிறுத்தச் சொன்ன தேதி, அதற்குப் பிறகு வந்த பில் எண்கள். கழித்த தொகைக்கு கிரெடிட் நோட் (பில்லில் குறைத்ததற்கான சீட்டு) கேளுங்கள். அடுத்த பில்லில் 'அட்ஜஸ்ட்' என்று ஒரு வார்த்தை போட்டு முடித்தால், எந்த மாதத்து வாடகை கழிந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.