அகலமாக்கிய பாடிக்குப் புது பெட்ரோல் கதவு: முதலில் கழுத்து, பிறகுதான் கதவு

கேள்வி: என் 1998 மாருதி எஸ்டீம் காரின் பின்சக்கர வளைவுகளை ஃபைபர் போட்டு அகலமாக்கியிருக்கிறேன். பெட்ரோல் மூடி இப்போது 60 மி.மீ. உள்ளே தள்ளிக் குழிக்குள் கிடக்கிறது. ரேஸ் கார் மாதிரி வட்ட அலுமினியக் கதவு ஆன்லைனில் கிடைக்கிறது. "ஓட்டை போட்டு ஸ்க்ரூ அடிச்சா முடிஞ்சுது" என்கிறார் டிங்கர். போடலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: போடலாம். ஆனால் ஓட்டை போடுவது கடைசி வேலை. உங்கள் டிங்கர் அதிலிருந்து தொடங்குகிறார், அதுதான் சிக்கல்.

பழைய இரும்புப் பாடிக்கும் மேலே போட்ட ஃபைபருக்கும் நடுவே இப்போது ஒரு பொந்து இருக்கிறது. பங்கில் நாசிலை எடுக்கும்போது சிந்துகிற பெட்ரோல் அந்தப் பொந்துக்குள்தான் போகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே கலைந்து போகாமல் அடியில் தேங்கும். ஆகவே கதவு வேலைக்கு முன்னால், மூடியிலிருந்து டேங்க்குக்குப் போகும் கழுத்துக் குழாயை வெளியே கொண்டுவர வேண்டும்.

கழுத்தைக் கழற்றி, லேத் பட்டறையில் அதே விட்டத்தில் குழாய் சேர்த்து நீட்டுங்கள். வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் வைக்கக் கூடாது. டேங்க் காலிதானே என்பார்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. கழுத்தோடு ஓடும் மெல்லிய காற்றுக் குழாயையும் மறக்காமல் நீட்ட வேண்டும். அது மடங்கினாலோ, கழுத்து படுத்த மாதிரி இருந்தாலோ பெட்ரோல் எதிர்த்து வந்து நாசில் நுனியிலுள்ள சின்னத் துளையை மூடும். ஒவ்வொரு லிட்டருக்கும் 'டக்'கென்று நின்றுவிடும். கழுத்து டேங்க்கை நோக்கி நன்றாகச் சரிந்திருக்கட்டும்.

இணைப்புக்கு ரேடியேட்டர் ஹோஸ் வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், பெட்ரோலில் அது ஊறி உப்பும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அதைத் தாங்கும் என்று குறிப்பிட்ட ஃபியூவல் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். மூடி பழைய ஒரிஜினலே இருக்கட்டும், அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு அதில்தான் இருக்கிறது.

பலரும் கோட்டைவிடுகிற ஒன்று எர்த். கம்பெனி வண்டியில் கழுத்து இரும்புப் பாடியில் ஸ்க்ரூவால் பிடித்திருக்கும். ஃபைபருக்கு மாற்றி, நடுவில் ரப்பர் ஹோஸும் போட்டால் அது அந்தரத்தில் தொங்குகிற இரும்புத் துண்டு. பெட்ரோல் பாயும்போது சேரும் நிலைமின்சாரத்துக்குப் போக வழி இல்லை. நாசில் பக்கத்தில் ஒரு பொறி போதும். கழுத்திலிருந்து பாடிக்கு, பெயின்ட் சுரண்டிய இடத்தில், பின்னல் ஒயர் ஒன்று முடுக்குங்கள். மல்டிமீட்டரில் ஒன்றிரண்டு ஓமுக்கு மேல் காட்டக் கூடாது.

இனி கதவு. ஆன்லைன் வட்டக் கதவு தட்டையானது, உங்கள் பாடி வளைவானது. ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கும். இடைவெளியைப் பட்டி வைத்து நிரப்புவார்கள், கொஞ்ச நாளில் வெடிக்கும். என் யோசனை: கதவை வாங்காதீர்கள், பாடியிலிருந்தே எடுங்கள். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தில் வேக்ஸ் தடவி ஃபைபரில் ஒரு அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் கதவை வார்த்தெடுங்கள். வளைவு அப்படியே வரும். சுற்றிலும் 4 மி.மீ. சந்து விடுங்கள், இரண்டு ஓரத்திலும் பிரைமர், பெயின்ட், கிளியர் ஏறினால் சந்து குறையும். இப்போதே நெருக்கமாக, அழகாக இருந்தால் பெயின்டுக்குப் பிறகு ஓரம் உரசிப் பெயர்ந்துவிடும்.

உள்ளே கிண்ணம் மாதிரி ஒரு ஃபைபர் குழி செய்து கழுத்தைச் சுற்றி ரப்பரால் அடைக்க வேண்டும். குழியின் அடியில் ஒரு வடிகால் துளை, அதிலிருந்து டியூப் வண்டிக்குக் கீழே வரை, சைலன்சரை விட்டு விலகி. இது இருந்தால் மழைத் தண்ணீரும் நிற்காது. குழியைப் பழைய இரும்போடு ஒட்ட எபாக்ஸி வாங்குங்கள். சாதாரண பாலியஸ்டர் ரெசின் இரும்பில் சரியாகப் பிடிக்காது.

கீல் முன்பக்கம் வரட்டும். பூட்ட மறந்து ஓட்டினாலும் காற்று கதவை மூடும். பின்பக்கம் வைத்தால் பிய்த்துக்கொண்டு போகும். அழுத்தித் திறக்கும் லாக் போடுவதானால், கதவு மூடிய நிலையிலிருந்து இன்னும் சில மி.மீ. உள்ளே அமுங்க வேண்டும். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை ரொம்பத் தடியாக ஒட்டினால் லாக் வேலை செய்யாது. அலுமினிய வளையம்தான் வேண்டுமென்றால் அலங்காரத்துக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள், தவறில்லை.

கேட்காத ஒன்று: ஆர்டிஓ பார்ப்பது கதவை அல்ல, அகலமாகிவிட்ட பாடியை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. பெயின்டுக்குச் செலவழிக்கும் முன் அங்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் 5 லிட்டர் மட்டும் போட்டு இணைப்புகளில் கசிவு பாருங்கள். பிறகு டேங்க்கை நிரப்பி, கழுத்து இருக்கும் பக்கம் தாழ்வாக, திறந்த வெளியில் ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் டிக்கியைத் திறந்து முகருங்கள். லேசாக வாசம் அடித்தாலும் பெயின்டரிடம் அனுப்பாதீர்கள், கழுத்தைத் திரும்பக் கழற்றுங்கள்.