உடல் எடை கூடிய பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இப்போதே இதயப் பாதிப்பு தொடங்குமா?

உங்கள் மகனுக்குப் பதினான்கு வயது, எடை அதிகம், "உயரம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், அதை நம்பிக் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாரடைப்பை நினைத்து அஞ்சுகிறீர்கள் என்றால், இந்த வயதில் அது மிக மிக அரிது. ஆனால் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் மாற்றங்கள் இப்போதே தொடங்கக்கூடும். அவை வலியோ படபடப்போ எதுவும் காட்டாமல்தான் தொடங்கும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள போகலூசா என்ற சிற்றூரில், 1970களின் தொடக்கத்தில் ஜெரால்ட் பெரன்சன் என்ற மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளின் எடை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றை அளந்து, அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார். அந்த ஆய்வில் இருந்தவர்களுள் பெரும்பாலும் விபத்து போன்ற காரணங்களால் இளமையிலேயே இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை முடிவுகளைப் பழைய அளவுகளோடு ஒப்பிட்டு 1998இல் வெளியிட்டார்கள். அதிக எடை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகிய காரணிகளில் எதுவும் இல்லாதவர்களுக்கு இதயத் தமனியின் (இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயின்) உட்பரப்பில் சுமார் 1.3 விழுக்காட்டில் கொழுப்புக் கோடுகள், அதாவது குழாய் அடைப்பின் ஆரம்பப் படிவுகள், இருந்தன. மூன்று நான்கு காரணிகள் சேர்ந்திருந்தவர்களுக்கு அது 11 விழுக்காடாக இருந்தது. எடை பெரும்பாலும் தனியே வருவதில்லை என்பதுதான் இங்கே கவலைக்குரியது. வயிற்றில் சேரும் கொழுப்பினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது, அழுத்தமும் கூடுகிறது. அழுத்தம் நெடுநாள் நீடித்தால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது.

குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியராக இருப்பதால், அளவெடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தால், உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பட்டையினுள் காற்று நிரம்பும் பை மேற்கையின் சுற்றளவில் குறைந்தது 80 விழுக்காட்டையாவது சுற்றி வர வேண்டும். ஆகவே பெரிய பட்டை இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்த பிறகே பார்க்க வேண்டும். பதின்மூன்று வயது முதல் 130/80 அல்லது அதற்கு மேல் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை இருந்தால்தான் உயர் இரத்த அழுத்தம் என்று முடிவு செய்வார்கள்.

பிள்ளையின் பின்கழுத்தையும் பாருங்கள். அங்கே தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணிபோல் இருந்தால், பல தாய்மார்கள் அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துப் பிள்ளையை அழ வைத்துவிடுகிறார்கள். அது அழுக்கன்று, பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின், அதாவது மேலே சொன்னபடி இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதன், அடையாளம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினாலும் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. பின்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நான்கு ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் வெளியான முடிவின்படி, சிறுவயதில் எடை கூடியிருந்தும் பெரியவர்களான பின் பருமன் இல்லாமல் இருந்தவர்களுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், கழுத்துத் தமனித் தடிப்பு ஆகியவற்றின் ஆபத்து, எப்போதும் பருமன் இல்லாதவர்களுக்கு இருந்த அளவுக்கே இருந்தது. எனவே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை: வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் நின்றாலே பல நேரம் உயரம் அதை ஈடுகட்டும், ஆனால் எடை தானாக நிற்காது. குளிர்பானத்தையும் பாக்கெட் நொறுக்குத் தீனியையும் வீட்டில் யாருக்குமே வாங்காதீர்கள். அவனுக்கு மட்டும் தடை போட்டால் ஒளித்துத் தின்பான். நாள்தோறும் ஒரு மணி நேரம் வியர்க்க விளையாடட்டும். எடைக்கருவியின் முள் அசையாத வாரங்களிலும் அந்த விளையாட்டால் இரத்தக் குழாய்களுக்கு நன்மை உண்டு. உறக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சுத் திணறி விழித்துக்கொள்கிறான் என்றால் அதையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அந்த மூச்சுத்தடையே இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது.